வைஃபை டிரைவரே இல்லை, இன்டர்நெட் கேட்டால் எப்படி? ஓஎஸ் இன்ஸ்டாலேஷனில் நடக்கும் அநியாயம்

சனிக்கிழமை ராத்திரி 11 மணி. கோவையில் இருந்து சித்தி பொண்ணு வீடியோ காலில் வந்தாள். "அக்கா, பாதியில நிக்குது. நெட்வொர்க் கனெக்ட் பண்ணச் சொல்லுது. ஆனா லிஸ்ட்ல ஒரு வைஃபைகூட காட்டலை. 'நெக்ஸ்ட்' பட்டனையும் அமுக்க முடியலை."

மறுநாள் காலை 10 மணிக்கு அவளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. கேமரா, மைக் எல்லாம் ஆன் பண்ணி லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். மொபைலில் எழுத அனுமதி இல்லை. ரெண்டு மாசமாக அந்த லேப்டாப் ஆமை வேகத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. "ஃபார்மட் பண்ணிட்டு புதுசா ஓஎஸ் போட்டுடு, ஒரு மணி நேர வேலைதான்" என்று அன்று சாயங்காலம் அட்வைஸ் கொடுத்தது சாட்சாத் நான்தான். போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் காப்பி எடுத்து வைக்கச் சொன்ன எனக்கு, நெட்வொர்க் கார்டின் டிரைவரை எடுத்து வைக்கச் சொல்லத் தோன்றவே இல்லை.

எந்த பிராண்ட் லேப்டாப், எந்த ஓஎஸ் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. இதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் ஏராளம். இன்ஸ்டாலேஷனை முடிக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபை வேலை செய்ய டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ இன்டர்நெட்டில் இருக்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வார்களே, அதே கதைதான்.

"டெக்னிக்கல் பிரச்சினை, யாராவது தெரிஞ்சவங்களைக் கேட்டா சரியாயிடும்" என்று இதைக் கடந்துபோய்விடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரை இன்டர்நெட் இல்லாமலும் பயன்படுத்தத் தொடங்கும் வழி, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

டிரைவர் என்றால் என்ன?

லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு ஒரு சின்ன சில்லு. அதை இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம், பிராட்காம் என்று யாரோ ஒருவர் தயாரித்திருப்பார். ஒவ்வொரு சில்லுக்கும் வேலை செய்யும் விதம் வேறு. ஓஎஸ் சொல்வதை அந்தச் சில்லுக்குப் புரிய வைத்து, சில்லு சொல்வதை ஓஎஸ்ஸிடம் கொண்டுவந்து சேர்க்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். அது இல்லாவிட்டால் கார்டு உள்ளே பத்திரமாக இருந்தும் ஓஎஸ்ஸைப் பொறுத்தவரை வைஃபை கிடையாது.

இதில் ஃபர்ம்வேர் என்று இன்னொரு பங்காளியும் உண்டு. டிரைவர் ஓடுவது ஓஎஸ்ஸுக்குள். ஃபர்ம்வேர் ஓடுவது அந்தச் சில்லுக்குள். பல வைஃபை கார்டுகளில் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போதும் டிரைவர்தான் ஃபர்ம்வேர் ஃபைலை எடுத்துக் கார்டுக்குள் ஏற்றும். அந்த ஃபைல் இல்லையென்றால் டிரைவர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. லினக்ஸ் போடும்போது பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எல்லா டிரைவரையும் உள்ளேயே வைத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. ஓரளவுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். விண்டோஸ் 11 இன்ஸ்டாலேஷன் ஃபைல் இப்போது 5 ஜிபிக்கும் மேல். அதற்குள் ஆயிரக்கணக்கான கருவிகளுக்கான டிரைவர்கள் இருக்கின்றன. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுடனேயே சேர்ந்து வருகின்றன.

ஆனாலும் இன்ஸ்டாலேஷன் ஃபைல் ஒரு குறிப்பிட்ட தேதியில் தயாரானது. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த கார்டு பற்றி அதற்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பழைய லேப்டாப்பில் சமர்த்தாக வேலை செய்யும் பென்டிரைவ், போன மாசம் வாங்கிய புது லேப்டாப்பில் முழிக்கிறது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. ஒரே மாடல் பெயரில் விற்கும் லேப்டாப்புகளில் எல்லாம் ஒரே வைஃபை கார்டு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்களுடையதில் இன்டெல் கார்டு இருக்கலாம், அதே மாடல் வாங்கிய நண்பருடையதில் ரியல்டெக் இருக்கலாம். அவர் அனுப்பிய டிரைவர் உங்களுக்கு வேலை செய்யாமல் போக இதுவும் ஒரு காரணம்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு எளிய தப்பிக்கும் வழி இருந்தது: லேன் கேபிள். வைஃபை வராவிட்டாலும் லேன் வரும். லேப்டாப்பை மெலிதாக்குகிறோம் என்று பல மாடல்களில் அந்த போர்ட்டையே எடுத்துவிட்டார்கள். வைஃபையை மட்டுமே நம்பி இருக்கும் லேப்டாப்பில், அந்த ஒரு டிரைவர் இல்லையென்றால் எல்லாக் கதவும் அடைபட்டுவிடுகிறது.

விண்டோஸ் 11 என்ன எதிர்பார்க்கிறது?

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, அதன் ஹோம் பதிப்பை முதல்முறை செட்டப் செய்ய இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம் என்றார்கள். 2022-ல் வந்த 22எச்2 பதிப்பில், சொந்தப் பயன்பாட்டுக்கான ப்ரோ பதிப்புக்கும் இது நீட்டிக்கப்பட்டது.

இதைச் சுற்றிப் போகச் சில குறுக்கு வழிகள் இருந்தன. செட்டப் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தி, கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு சின்னக் கட்டளை கொடுத்தால், 'என்னிடம் இன்டர்நெட் இல்லை' என்ற வாய்ப்பு திரையில் முளைக்கும். 2025 மார்ச்சில் அந்தக் கட்டளையைச் சோதனைப் பதிப்பில் இருந்து நீக்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், லோக்கல் கணக்கு உருவாக்கப் பயன்பட்ட வேறு சில வழிகளையும் அடைக்கப்போவதாகச் சொன்னது.

நல்லதும் ஒன்று நடந்திருக்கிறது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் நெட்வொர்க் திரையிலேயே 'டிரைவர் இன்ஸ்டால்' செய்யும் பட்டன் வந்தது. பென்டிரைவில் டிரைவரை வைத்திருந்தால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், டிரைவரை முன்கூட்டியே எடுத்து வைத்தவருக்குத்தான் அந்த பட்டனால் பலன். எடுத்து வைக்க வேண்டும் என்று தெரியாதவர்தானே அந்தத் திரையில் மாட்டிக்கொள்கிறார்?

எல்லாம் இப்போது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11-க்குப் போகிறவர்களும் உண்டு, அது ஏறாது என்று தெரிந்து லினக்ஸ் பக்கம் வருகிறவர்களும் உண்டு. இதுவரை ஓஎஸ் இன்ஸ்டாலே பண்ணாத பலர் இப்போது பென்டிரைவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் நியாயமா?

இன்டர்நெட் கேட்பதற்குச் சொல்லப்படும் காரணங்களைச் சும்மா தள்ளிவிட முடியாது. முதல் நாளே பாதுகாப்பு அப்டேட்கள் வந்துவிடும். லேப்டாப் தொலைந்தால் தேட முடியும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகும்போது அதன் ரெக்கவரி கீ உங்கள் கணக்கில் பத்திரமாகச் சேமிக்கப்படும். அந்த கீ இல்லாமல் ஒருநாள் லேப்டாப் லாக் ஆனால் ஃபைல்கள் எல்லாம் போச்சு. நிஜமான பயம்தான்.

ஆனால் இவை எல்லாமே, 'நெட் கிடைத்ததும் கனெக்ட் பண்ணுங்கள்' என்று வலியுறுத்துவதற்கான காரணங்கள். 'நெட் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டோம்' என்று கதவைச் சாத்த இவை போதாது. டெஸ்க்டாப்புக்குள் போக விட்டால், அங்கிருந்து டிரைவரைப் போட்டு, நெட்டில் சேர்ந்து, அப்டேட்டையும் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே விடாததால் எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை. என் தங்கை மாதிரி ஒருத்தி ராத்திரி 11 மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

இதில் பாதிக்கப்படுவது யார் என்று பாருங்கள். வீட்டில் ரெண்டு லேப்டாப், லேன் இணைப்பு, விஷயம் தெரிந்த நண்பர் என்று இருப்பவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துகொள்வார். ஒரே லேப்டாப், ஒரே மொபைல் என்று இருப்பவர் கடைக்கு ஓட வேண்டும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. சின்ன ஊரில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்?

கூகுளில் தேடி, கண்ட தளத்தில் இருந்து 'ஆல் இன் ஒன் டிரைவர் பேக்' இறக்குபவர்களும் உண்டு. அது ஆபத்து. டிரைவர்களில் பல ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் மட்டத்தில் ஓடுபவை, சாதாரண ஆப் மாதிரி ஓரமாக நிற்பவை இல்லை. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் கெர்னல் மட்டத்தில் ஓடும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல நிறுவனத்தின் சின்னத் தவறுக்கே இந்த நிலைமை என்றால், யார் தயாரித்தது என்றே தெரியாத டிரைவரை உள்ளே விடுவதை என்ன சொல்வது?

கொள்கையைத் தளர்த்திய டெபியன்

இதே சிக்கலை லினக்ஸ் உலகம் எப்படிக் கையாண்டது என்பது சுவாரஸ்யமான கதை. டெபியன், 1993-ல் தொடங்கப்பட்ட லினக்ஸ் பதிப்பு. உபுண்டுவுக்கு அடிப்படை அதுதான். மூல நிரல் திறந்த நிலையில் இல்லாத எதையும் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலேஷன் ஃபைலில் சேர்ப்பதில்லை என்பதில் டெபியன் கறாராக இருந்தது. வைஃபை கார்டுகளின் ஃபர்ம்வேர் பெரும்பாலும் அந்த ரகம். விளைவு, டெபியன் போட உட்கார்ந்தால் பல லேப்டாப்புகளில் வைஃபை வராது. ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு ஃபைலை, 'அதிகாரபூர்வமற்றது' என்ற முத்திரையோடு தனியாக ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தவருக்கு மட்டுமே அது கண்ணில் படும்.

2022-ல் டெபியன் உறுப்பினர்கள் இதற்காக ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ ஃபைலிலேயே சேர்க்கலாம் என்று முடிவானது. 2023 ஜூன் 10-ல் வெளியான டெபியன் 12-ல் இருந்து அது நடைமுறைக்கு வந்தது. என்னென்ன ஃபர்ம்வேர் போடப்பட்டது என்று பயனருக்குத் தெரியும். வேண்டாம் என்பவர் அதைத் தவிர்க்கவும் வழி உண்டு.

கொள்கையில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தவர்களே, பயனர் வாசலில் நின்று தவிப்பதைப் பார்த்து இறங்கி வந்தார்கள். வேண்டாம் என்பவருக்கும் இடம் விட்டு, வேண்டும் என்பவருக்கும் கதவைத் திறந்தார்கள். பெரிய நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

இப்போது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

சரி, அவர்கள் மாறும்வரை நாம் சும்மா இருக்க முடியாதே. முதலில், பதறி மறுபடி ஃபார்மட் பண்ணாதீர்கள். அதே பென்டிரைவில் இருந்து போட்டால் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

முதல் வழி, யுஎஸ்பி டெதரிங். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் போய் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருப்பதால், பெரும்பாலும் லேன் கேபிள் செருகியது போல உடனே நெட் வந்துவிடும். சாதாரண வைஃபை ஹாட்ஸ்பாட் இங்கே உதவாது, ஏனென்றால் அதைப் பிடிக்கவும் வைஃபை டிரைவர் வேண்டும். ஐபோன் என்றால் விண்டோஸில் ஆப்பிளின் டிரைவர் தேவைப்படும் என்பதால், அந்த நேரத்துக்கு வீட்டில் யாருடைய ஆண்ட்ராய்டு போனையாவது வாங்கிக்கொள்வது நல்லது. பெரிய அப்டேட்கள் இறங்கும் என்பதால் டேட்டா பேலன்ஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர். இவற்றில் பரவலாக இருக்கும் சில்லுகளை ஓஎஸ்ஸே அடையாளம் கண்டுகொள்ளும்.

மூன்றாவது, வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவரை இறக்கி பென்டிரைவில் கொண்டுவருவது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயரைவிட சீரியல் நம்பரைக் கொடுத்துத் தேடுவது நல்லது. உங்கள் லேப்டாப்பில் உள்ள கார்டு எது என்று அப்போதுதான் சரியாகத் தெரியும். இறக்கிய ஃபைல் 'இஎக்ஸ்இ' வடிவில் இருந்தால் அதைப் பிரித்து, உள்ளே 'ஐஎன்எஃப்' ஃபைல் இருக்கும் ஃபோல்டரைப் பென்டிரைவில் போடுங்கள். செட்டப் திரை தேடுவது அந்த 'ஐஎன்எஃப்' ஃபைலைத்தான். பலர் சறுக்குவது இந்த இடத்தில்.

ஃபார்மட் பண்ணும் முன் 10 நிமிடம்

உண்மையில் இதெல்லாம் ஃபார்மட்டுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, கார்டின் பெயரைப் போனில் போட்டோ எடுங்கள். 'டீடெயில்ஸ்' பகுதியில் ஹார்டுவேர் ஐடி இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். அதில் 8086 என்று இருந்தால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக். 14சி3 என்றால் மீடியாடெக். பெயர் தெரியாத கார்டுக்கும் இதை வைத்துச் சரியான டிரைவரைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து, அந்தக் கார்டின் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்தில் இருந்து இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். ஏற்கெனவே லேப்டாப்பில் இருக்கும் டிரைவர்களை மொத்தமாக ஒரு ஃபோல்டருக்கு எடுக்க விண்டோஸிலேயே 'பிஎன்பி யுடில்' என்ற கருவி இருக்கிறது. அதன் எக்ஸ்போர்ட் கட்டளை ஒன்றே போதும்.

லினக்ஸ் போடுகிறீர்களா? இன்ஸ்டால் பண்ணாமலேயே பென்டிரைவில் இருந்து 'லைவ்' முறையில் ஓட்டிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. உபுண்டுவில் மூன்றாம் தரப்பு மென்பொருளை இன்ஸ்டால் செய்யலாமா என்று ஒரு டிக் பாக்ஸ் கேட்கும். அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

என்ன மாற வேண்டும்?

நம் தலைமுறையில் பலருக்குக் கைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று ரெண்டு ஓஎஸ்ஸும் உள்ளேயே போட்டு வந்தது. பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. திறந்தவுடன் எல்லாம் வேலை செய்ததால், டிரைவர் என்ற ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாமல் போனது. பள்ளி, கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் ஒரே ஒரு வகுப்பாவது 'உன் கம்ப்யூட்டரை நீயே மறுபடி உயிர்ப்பிப்பது எப்படி' என்று நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, 'இப்போது இன்டர்நெட் இல்லை, பிறகு இணைத்துக்கொள்கிறேன்' என்ற பட்டன் செட்டப் திரையில் வெளிப்படையாக இருக்க வேண்டும். ரகசியக் கட்டளைக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. இரண்டு, லேப்டாப் தயாரிப்பாளர்கள் நெட்வொர்க் டிரைவரை மட்டும் தனியாக, பிரித்த ஃபோல்டராக, எளிதில் கண்ணில் படும் இடத்தில் தர வேண்டும். மூன்று, முடிந்தால் அதை மெஷினுக்குள்ளேயே வைத்துத் தர வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. ஜிகாபைட் நிறுவனம் தன் புதிய மதர்போர்டுகள் சிலவற்றில் வைஃபை டிரைவரை பயாஸ் சில்லிலேயே வைத்துத் தருகிறது. டெஸ்க்டாப் போர்டுக்கு முடிவது லேப்டாப்புக்கு ஏன் முடியாது?

அன்று ராத்திரி என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே. என்னோடு பேசிக்கொண்டிருந்தது தங்கையின் போன் என்பதால், தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவை எழுப்பி அவருடைய ஆண்ட்ராய்டு போனை வாங்கினோம். டெதரிங் ஆன் பண்ணத் தேடினால் அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள், டேட்டா போகாது என்று. வேறு கேபிள் மாற்றியதும் நெட் வந்தது. இன்ஸ்டாலேஷன் முடிய ராத்திரி ஒன்றரை. காலையில் நேரத்துக்குத் தேர்வு எழுதினாள்.

சாயங்காலம் போன் பண்ணி, "அக்கா, இனிமே ஒரு மணி நேர வேலைன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள். அவள் மேசை டிராயரில் இப்போது ஒரு சின்ன பென்டிரைவ் இருக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு ஃபோல்டர், வைஃபை டிரைவர். உங்களிடம் அது இருக்கிறதா? இல்லையென்றால், லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.